பரம்பரைப் பதவியிலிருந்து தேர்வுப் பதவிக்கு: கிராம நிர்வாகம் சீர்திருந்திய வரலாறு

ஓர் அரசின் இயல்பை அறிய வேண்டுமாயின் அதன் தலைமைச் செயலகத்தைப் பார்த்தால் போதாது. அதன் கடைசிப் படியில் அமர்ந்திருக்கும் அலுவலரைப் பார்க்க வேண்டும். ஆளுநர் யார், அமைச்சர் யார் என்பது ஏழை எளியவர்க்கு எட்டாத செய்தி. நிலவரி தண்டுபவர் யார், பட்டாவில் பெயர் எழுதுபவர் யார், சான்றிதழில் கையொப்பமிடுபவர் யார் என்பதே அவர்களுடைய வாழ்வைத் தீர்மானிக்கும் செய்தி. சேரியில் பிறந்த நம் முன்னோர்க்கு அரசு என்பது பெரும்பாலும் ஊர்த்தெருவில் குடியிருந்த இரண்டு மூன்று குடும்பங்களாகவே இருந்தது.

அந்த நிலை எவ்வாறு மாறிற்று? பிறப்பினால் வந்த பதவி, தேர்வினால் வரும் பதவியாக எப்போது ஆயிற்று? அதற்காக யார் யார் குரல் கொடுத்தனர்? மாறியது எவ்வளவு, மாறாதது எவ்வளவு? நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரைக் கையில் ஏந்தும் இளைஞர்கள் இவ்வினாக்களுக்கு விடை தெரிந்திருத்தல் இன்றியமையாதது. அரசுப் பணித் தேர்வுக்கு ஆயத்தமாகும் ஒவ்வொருவரும், தாம் எழுதப் போகும் தேர்வின் பின்னே நீண்டதொரு போராட்ட வரலாறு உண்டென்பதை உணர வேண்டும் என்னும் கருத்தினாலேயே இதனை எழுதப் புகுந்தோம்.

கிராமச் சாவடியின் ஆட்சி

பழைய சென்னை மாகாணத்தில் ஒவ்வொரு கிராமத்துக்கும் ஓர் அலுவலர் கூட்டம் இருந்தது. தலைவர் ஒருவர். அவரை மணியக்காரர் என்றும் நாட்டாண்மைக்காரர் என்றும் இடத்துக்கு இடம் வெவ்வேறு பெயரால் அழைத்தனர். பின்னாளில் கிராம முன்சீப் என்ற பெயர் நிலைபெற்றது. கணக்கு எழுதுபவர் கர்ணம் அல்லது கணக்குப்பிள்ளை. இவ்விருவர்க்கும் கீழே ஏவல் செய்வோர் இருந்தனர். காவலுக்குத் தலையாரி, நீர்ப் பாய்ச்சலுக்கு நீர்க்கட்டி, தண்டோரா போடவும் சுடுகாட்டு வேலை பார்க்கவும் வெட்டியான் அல்லது தோட்டி என்று அவர்கள் பெயர் பெற்றனர். மேலே இருந்த இரு பதவிகளும் மேல்சாதிக் குடும்பங்களின் உடைமை. கீழே இருந்த ஏவல் வேலைகளுள் மிக இழிவெனக் கருதப்பட்டவை நம் மக்களின் தலையில் சுமத்தப்பட்டன. ஆகவே கிராம நிர்வாகம் என்பது சாதி அடுக்கின் மறுபடிவமாகவே அமைந்திருந்தது எனலாம்.

ஆங்கிலேயர் ஆட்சி இந்த அமைப்பைக் கலைக்கவில்லை. மாறாக, அதற்குச் சட்ட வலிமை தந்தது. 1816-ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்ட ஒழுங்குமுறைச் சட்டங்கள் கிராமத் தலைவருக்குச் சிறு வழக்குகளைத் தீர்க்கும் அதிகாரத்தையும், சிறு குற்றங்களுக்குத் தண்டனை விதிக்கும் அதிகாரத்தையும் வழங்கின. அத்தண்டனை எல்லோர்க்கும் ஒன்றாக இல்லை என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. பிற சாதியினர் சிறு குற்றம் செய்தால் 12 மணி நேரம் வரை சாவடியில் அடைத்து வைக்கலாம். தாழ்ந்த சாதியார் என்று கருதப்பட்டவர் செய்தால், 6 மணி நேரம் வரை தொழுமரத்தில் கால்களை மாட்டி வைக்கலாம். குற்றம் ஒன்றே, பிறப்பு வேறானதால் தண்டனை வேறாயிற்று. இது ஊர் வழக்கம் மட்டுமன்று. அரசாங்கத்தின் அச்சடித்த சட்டம்.

தலைவரைவிடக் கர்ணத்தின் அதிகாரம் நுட்பமானது. எந்த நிலம் யாருடையது, எது புறம்போக்கு, எது தரிசு, யார் எவ்வளவு கிஸ்தி செலுத்தினார் என்பனவெல்லாம் அவருடைய கணக்கில் இருந்தன. சிட்டாவும் அடங்கலும் அவர் வீட்டுப் பெட்டியில் இருந்தன. ஆண்டுக்கு ஒருமுறை ஜமாபந்தியின்போது தாசில்தார் முதலியோர் கணக்கைச் சரி பார்த்தாலும், மூலக் கணக்கு கர்ணம் எழுதியதுதான். எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்கள், தம் பெயர் ஏட்டில் ஏறியதா இல்லையா என்று அறியும் வழியற்றவராய் இருந்தனர். கர்ணத்தின் வீடு இருந்த தெருவுக்குள் நுழையவே தடையிருந்த ஊர்களில், கேட்டறிவதற்கும் வழியில்லை.

1895-ஆம் ஆண்டு சென்னை மாகாணப் பரம்பரைக் கிராமப் பதவிகள் சட்டம் இந்த ஏற்பாட்டை மேலும் இறுக்கிற்று. பதவி தந்தைக்குப் பின் மூத்த மகனுக்கு என்னும் முறையைச் சட்டம் ஏற்றது. கிராமங்களைப் பிரித்தாலும் சேர்த்தாலும் புதிய பதவியைப் பழைய பதவிக் குடும்பத்தாருக்கே தர வேண்டும் என்றும் விதித்தது. வீடும் நிலமும் போலவே அரசாங்கப் பதவியும் குடும்பச் சொத்தாகக் கருதப்பட்டது.

இலண்டனில் தோன்றிய தேர்வு முறை

இதே காலத்தில் ஆட்சியின் மேல் தட்டில் வேறொரு கொள்கை வேர்விட்டிருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் உயர் பதவிகள் நெடுங்காலம் கம்பெனி இயக்குநர்களின் பரிந்துரையால் நிரப்பப்பட்டன. 1853-ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டம் அந்தச் சலுகையை ஒழித்து, போட்டித் தேர்வினைப் புகுத்தியது. முதல் போட்டித் தேர்வு 1855-இல் இலண்டனில் நடைபெற்றது. 1854-இல் இங்கிலாந்தின் உள்நாட்டு அரசுப் பணியைச் சீர்திருத்துவது குறித்து ஸ்டாபோர்டு நார்த்கோட், சார்லஸ் டிரவெலியன் என்னும் இருவர் ஓர் அறிக்கை அளித்தனர். சிபாரிசினால் அன்றித் தகுதியினால் ஆள் எடுக்க வேண்டும் என்பதும், தேர்வினைத் தனி அமைப்பொன்று நடத்த வேண்டும் என்பதும் அவ்வறிக்கையின் சாரம். இன்று உலகின் பல நாடுகளில் இயங்கும் பணித் தேர்வாணையங்களுக்கு அதுவே வித்து.

அந்த டிரவெலியன் 1859-இல் சென்னை மாகாணத்தின் ஆளுநராக வந்தார். புதிய வரிகளை வெளிப்படையாக எதிர்த்தமையால் 1860-இல் திருப்பி அழைக்கப்பட்டார். தகுதியே பதவிக்கு அளவுகோல் என்று எழுதியவர் ஆண்ட மாகாணத்திலும் கிராமச் சாவடியில் பிறப்பே அளவுகோலாக நீடித்தது. மேலே தேர்வு, கீழே பரம்பரை என்னும் இந்த இரட்டை நிலை, அவருக்குப் பின் நூறாண்டுக்கு மேலும் தொடர்ந்தது.

இடைநிலைப் பதவிகளிலும் சிலரது ஆதிக்கமே ஓங்கியிருந்தது. மாவட்ட அலுவலகங்களில் ஒரு சில செல்வாக்குள்ள குடும்பங்களே பதவிகளை நிரப்பிக் கொள்ளாதவாறு கலெக்டர்கள் கவனிக்க வேண்டும் என்றும், முக்கியப் பதவிகளைப் பல சாதியார்க்கும் பகிர்ந்தளிக்க முயல வேண்டும் என்றும் வருவாய் வாரியத்தின் 128-ஆம் நிலை ஆணை 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே கூறிற்று. ஆணை இருந்தது; நடைமுறை இல்லை. நோயை அரசாங்கம் அன்றே அறிந்திருந்தது என்பதற்கு இவ்வாணை சான்று.

3412 கையொப்பங்கள்

ஐ.சி.எஸ். தேர்வு இலண்டனில் மட்டும் நடந்தமையால் இந்தியர்க்கு அது எட்டாக் கனியாயிற்று. தேர்வை இந்தியாவிலும் அதே வேளையில் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் மகாசபை கோரி வந்தது. 1893-இல் ஆங்கிலப் பாராளுமன்றத்தின் மக்கள் சபை அதற்கு ஆதரவாக ஒரு தீர்மானமும் நிறைவேற்றியது.

அவ்வாண்டிலேயே "பறையன்" என்னும் இதழைத் தொடங்கிய தாத்தா இரட்டைமலை சீனிவாசன், அக்கோரிக்கையை எதிர்த்து மக்களைத் திரட்டினார். 3412 பேர் கையொப்பமிட்ட மனுவொன்று, பாராளுமன்ற உறுப்பினரான ஜெனரல் செஸ்னியின் வழியாக இலண்டனுக்குச் சென்றது. தேர்வு இந்தியாவில் நடந்தால், நூற்றாண்டுகளாகக் கல்வியைத் தமக்கே உரிமையாக்கிக் கொண்டவர்களே பதவிகள் அனைத்தையும் கைப்பற்றுவர். கிராமத்தில் கர்ணமாகவும் முன்சீபாகவும் நம்மை அடக்குவோர், மாவட்டத்தில் கலெக்டராகவும் வருவர் என்பதே அம்மனுவின் பின்னிருந்த அச்சம்.

இதனை நாட்டு நலனுக்கு மாறான செயலென்று பழித்தவர் உண்டு. பள்ளிக்கூடத்தின் வாயில் திறக்கப்படாதவனிடம் தேர்வு மண்டபத்தின் வாயிலைத் திறந்து காட்டுவதால் பயன் என்ன என்னும் கேள்விக்கு அவர்கள் விடை கூறவில்லை. தேர்வு என்பது தராசு போன்றது. ஆயினும் ஒருவனுக்கு உணவிட்டு மற்றவனைப் பட்டினி போட்ட பிறகு இருவரையும் நிறுத்துப் பார்ப்பதை நீதி எனலாமா? இதனை 1893-இலேயே நம் முன்னோர் உணர்ந்திருந்தனர். பிற்காலத்தில் இட ஒதுக்கீட்டுக் கொள்கைக்கு அடிப்படையாய் அமைந்த கருத்தும் இதுவே.

இன்னொன்றையும் சேர்த்து நோக்க வேண்டும். ஐ.சி.எஸ். தேர்வு 1922-இல் அலகாபாத்திலும் நடக்கத் தொடங்கிற்று. காலம் மாறியதை அறிந்த சீனிவாசன் வெறும் எதிர்ப்போடு நின்றுவிடவில்லை. 1930-இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரும் அவரும் இணைந்து தாழ்த்தப்பட்டோர் பாதுகாப்புக்கான திட்டமொன்றை அளித்தனர். அரசுப் பணிகளில் போதிய இடம் வேண்டும் என்பதும், மத்தியிலும் ஒவ்வொரு மாகாணத்திலும் பணித் தேர்வாணையம் அமைத்து எல்லா வகுப்பாரும் இடம் பெறுமாறு ஆள் எடுக்க வேண்டும் என்பதும் அத்திட்டத்தின் கோரிக்கைகளுள் அடங்கும். தேர்வே வேண்டா என்பதன்று நம் தலைவர்களின் நிலை. தேர்வும் வேண்டும், அதில் நியாயமும் வேண்டும் என்பதே.

மாகாண ஆட்சியில் திறந்த கதவுகள்

1919-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்திற்குப் பின் சென்னைச் சட்டமன்றத்தில் நம் மக்களின் குரல் ஒலிக்கத் தொடங்கிற்று. ராவ் பகதூர் எம்.சி. ராஜா 1920-இல் சட்டமன்றத்திற்கு நியமிக்கப்பெற்றார். 1921-இல் நீதிக்கட்சி அரசாங்கம் முதலாவது வகுப்புவாரி ஆணையைப் பிறப்பித்தது. முன்னர்க் கூறிய வருவாய் வாரிய ஆணையை எல்லாத் துறைகளுக்கும் விரிவாக்கியது அது.

1924-இல் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் மற்றொரு மைல்கல். பொதுச் சாலை, பொதுக் கிணறு, குளம் ஆகியவற்றோடு அரசாங்க அலுவலகங்களுக்குள்ளும் எவரும் செல்லலாம் என்று அது அறிவித்தது. அலுவலகத்துக்குள் நுழைவதற்கே ஒரு தீர்மானம் வேண்டியிருந்தது என்பதிலிருந்து அந்நாளைய நிலை விளங்கும். அலுவலகத்தின் படியேறும் உரிமை முதலில். அங்கே நாற்காலியில் அமரும் உரிமை அடுத்து. நம் வரலாறு இந்த வரிசையில்தான் நடந்தது.

1927-இல் வந்த ஆணை, பதவிகளைச் சுழற்சி முறையில் பகிர்ந்தது. 12 இடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்க்கு 2, முகமதியர்க்கு 2, ஆங்கிலோ-இந்தியர் உள்ளிட்ட கிறித்தவர்க்கு 2, தாழ்த்தப்பட்டோர்க்கு 1 என்று வகுத்தது. 12-இல் 1 என்பது நம் மக்கள்தொகைக்கு மிகக் குறைவே. ஆயினும் அதற்கு முன் இருந்தது எதுவுமில்லை. 1929-இல் சென்னை மாகாணத்தில் பணித் தேர்வாணையம் அமைந்தது. இந்திய மாகாணங்களுள் இதில் முந்திக் கொண்டது சென்னையே. 1947-இல் சுழற்சி முறை திருத்தப்பட்டு, 14 இடங்களில் நம்மவர்க்கு 2 இடங்கள் கிடைத்தன.

மத்திய அரசுப் பணியில் இந்த உரிமையைப் பெற்றுத் தந்தவர் அண்ணல் அம்பேத்கர். வைசிராயின் நிர்வாகக் குழுவில் அவர் உறுப்பினராய் இருந்தபோது, 1943 ஆகஸ்டு மாதத்தில் 100-க்கு 8⅓ இடங்கள் ஒதுக்கப்பட்டன. பின்னர் அரசியலமைப்பின் 16(4)-ஆம் பிரிவு அதற்கு நிலையான அடித்தளம் இட்டது.

1951-இல் வகுப்புவாரி ஆணை உச்சநீதிமன்றத்தில் அடிபட்டது. கல்லூரிச் சேர்க்கை பற்றிய செண்பகம் துரைராஜன் வழக்கைப் பலரும் அறிவர். மாவட்ட முன்சீப் பதவி தொடர்பான வேங்கடரமணா வழக்கை அறிந்தவர் சிலரே. பிற வகுப்பினர்க்கான பங்கீட்டைச் செல்லாதென்ற அத்தீர்ப்பு, அரிசனங்களுக்கும் பிற்பட்ட இந்துக்களுக்கும் அளித்த ஒதுக்கீட்டை ஏற்றுக் கொண்டது. ஏட்டில் ஒரு பிரிவு இருந்ததனால் நம் உரிமை பிழைத்தது. சட்டம் எழுதும் இடத்தில் நம்மவர் இருத்தல் எத்துணை இன்றியமையாதது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

சாவடியின் வாயிலும் திறந்தது

இவையெல்லாம் நகரத்திலும் தலைமையிடத்திலும் நிகழ்ந்த மாற்றங்கள். கிராமச் சாவடியில் 1895-ஆம் ஆண்டுச் சட்டமே ஆண்டு கொண்டிருந்தது. விடுதலை வந்தது, அரசியலமைப்பு வந்தது, கர்ணம் பதவி அப்போதும் மகனுக்கே சென்றது.

முதல் அடி ஆந்திரத்திலிருந்து விழுந்தது. பழைய சென்னைச் சட்டமே நடைமுறையில் இருந்த குண்டூர் மாவட்டத்தில், புதிதாக அமைந்த கிராமம் ஒன்றின் முன்சீப் பதவி பற்றி வழக்கு எழுந்தது. பழைய பதவிக் குடும்பத்தாருக்கே முதலிடம் என்ற விதியை எதிர்த்து கஜுலா தசரதராம ராவ் என்பவர் உச்சநீதிமன்றம் சென்றார். அரசுப் பதவியில் குலவழி காரணமாக வேற்றுமை காட்டலாகாது என்று அரசியலமைப்பின் 16(2)-ஆம் பிரிவு கூறுகிறது. கிராமப் பதவியும் அரசுப் பதவியே. ஆதலின் குடும்ப உரிமை செல்லாது என்று 1960 டிசம்பரில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடும்பச் சொத்தென்று கருதப்பட்டது பொதுச் சொத்து என்பது அன்றுதான் சட்டத்தின் வாயால் உறுதியாயிற்று.

தமிழ்நாட்டில் 1968-இல் இயற்றப்பட்ட சட்டம் பரம்பரை உரிமையை முறைப்படி நீக்கியது. 1970-இல் கிராம அலுவலர்களுக்கான பணி விதிகள் வந்தன. எனினும் பதவிகள் பகுதி நேரப் பதவிகளாகவே இருந்தன. ஏற்கெனவே இருந்தவர்கள் நீடித்தனர். கணக்கு ஏடுகள் பழைய வீடுகளிலேயே தங்கின. சட்டம் மாறினாலும் ஆள் மாறவில்லை என்பதே உண்மை.

1980 நவம்பர் 14-ஆம் நாள், எம்.ஜி.இராமச்சந்திரன் தலைமையிலான அரசு அவசரச் சட்டத்தின் மூலம் பகுதி நேரக் கிராம அலுவலர் பதவிகளை அடியோடு ஒழித்தது. 1981-இல் அது சட்டமன்றத்தின் சட்டமாயிற்று. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பதவிகள் ஒரே நாளில் மறைந்தன. அவற்றுக்கு மாற்றாக, முழு நேரமும் பணியாற்றும், இடமாறுதலுக்கு உட்பட்ட, பள்ளியிறுதித் தேர்ச்சி பெற்ற கிராம நிர்வாக அலுவலர் என்னும் பதவி தோன்றிற்று. பதவியிழந்தோர் உச்சநீதிமன்றம் சென்றனர். நிர்வாகத்தைச் சீர்திருத்தும் நல்லெண்ணத்துடன் பதவிகளை ஒழிக்க அரசுக்கு அதிகாரம் உண்டென்று 1982-இல் இராசேந்திரன் வழக்கில் தீர்ப்பு வந்தது. ஆந்திர அரசும் 1984-இல் இதே வழியைப் பின்பற்றிற்று.

பதவியிழந்தோரில் நேர்மையாய் உழைத்தவரும் உண்டு. வேறு வருவாயின்றித் துன்புற்ற குடும்பங்களும் உண்டு. அதனை மறுப்பது நியாயமாகாது. ஆயினும் ஒரு முறை ஒழிய வேண்டும் என்பதற்கு அதில் இருந்தவர் யாவரும் கொடியவராய் இருக்க வேண்டுவதில்லை. பிறப்பால் ஒருவருக்கு அதிகாரமும் மற்றொருவருக்கு அடிமைத்தனமும் தரும் முறை, நல்லவர் கையில் இருந்தாலும் தீய முறையே.

1980-க்குப் பின் நிகழ்ந்த மாற்றத்தின் பொருளை எண்ணிப் பாருங்கள். எந்தக் கணக்கேட்டைத் தொட நம் பாட்டனாருக்கு அனுமதியில்லையோ, அந்தக் கணக்கேட்டைப் பாதுகாக்கும் பொறுப்பு, பின்னர்த் தேர்வாணையத்தின் தேர்வில் வென்று வந்த நம் பிள்ளைகளின் கையிலும் சேர்ந்தது. 1971-இலிருந்து மாநிலப் பணிகளில் நடைமுறைக்கு வந்த 18 விழுக்காட்டு ஒதுக்கீடு இப்பதவிக்கும் பொருந்திற்று. தொழுமரத்தில் கால் மாட்டப்பட்டவரின் வழிவந்தோர் கிராம நிர்வாக அலுவலராய் அமர்ந்தனர். ஆரவாரமின்றி நடந்த இம்மாற்றத்தை நாம் ஒரு சமூகப் புரட்சியாகவே கருதுகிறோம்.

மாறாதவை

ஆயினும் மகிழ்ச்சியில் மறந்துவிடலாகாதவை சில உண்டு.

முதலாவது, மேலே இருந்த பதவிகள் 1980-இல் சீர்திருந்தின. கீழே இருந்த ஏவல் வேலைகள் உடனே சீர்திருந்தவில்லை. தலையாரியும் வெட்டியானும் கிராம உதவியாளர் என்று பெயர் பெற்றாலும், பகுதி நேர ஊழியராகச் சொற்ப ஊதியத்தில் உழைத்தனர். 1995-இல்தான் அவர்கள் முழு நேர ஊழியராக்கப்பட்டனர். சீர்திருத்தம் மேலிருந்து கீழே வந்து சேர 15 ஆண்டுகள் ஆயின.

இரண்டாவது, பதவி மாறினாலும் பழைய கணக்கின் பிழைகள் தொடர்ந்தன. செங்கற்பட்டுக் கலெக்டர் டிரமென்ஹீர் அளித்த அறிக்கையின் பயனாக, 1892 செப்டம்பர் 30-ஆம் நாள் அரசாணையின்படி நம் மக்களுக்குப் பஞ்சமி நிலம் வழங்கப்பட்டது. 10 ஆண்டுகளுக்கு அதனை எவருக்கும் விற்கலாகாது. அதன் பின்னரும் தாழ்த்தப்பட்டோர்க்கன்றிப் பிறர்க்கு விற்கலாகாது என்பது நிபந்தனை. அந்நிலங்களில் பெரும்பகுதி இன்று பிறர் கையில் இருக்கிறது. நிபந்தனையைக் காக்க வேண்டிய ஏடு யார் வீட்டில் இருந்தது என்பதை எண்ணினால் இதன் காரணம் விளங்கும். 1979-இல் தொடங்கி 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுப் பணியின்போது அனுபோகத்தில் இருந்தவர் பெயரில் பட்டா எழுதப்பட்டபோது, எழுத்தறியாத நம்மவர் பலர் தம் உரிமையை எடுத்துச் சொல்ல இயலாது போயிற்று. யு.டி.ஆர். பிழை என்று வட்டாட்சியர் அலுவலகங்களில் இன்றும் பேசப்படுவது இக்காலத்துப் பிழைகளையே.

மூன்றாவது, புதுமை என்ற பெயரால் பழைமை திரும்பி வருதல் கூடும். இன்று பட்டாவும் சிட்டாவும் கணினியில் ஏறிவிட்டன. சாதிச் சான்று, வருமானச் சான்று முதலியவற்றை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துப் பெறுகிறோம். ஊர்த்தெருவுக்குள் சென்று கை கட்டி நின்று வாங்கிய தாள், இன்று எண்ணைத் தட்டினால் வருகிறது. இது பெரும் பேறு. ஆயினும் கணினி, தனக்கு முன் எழுதப்பட்டதையே காட்டும். கர்ணம் எழுதிய பிழை கணினியில் ஏறினால் பிழை விரைவாகக் கிடைக்குமேயன்றித் திருந்தாது. இடைத்தரகரின்றி விண்ணப்பிக்கத் தெரியாதவருக்குத் திண்ணையில் இருந்த கணக்குப்பிள்ளையின் இடத்தில் இன்னொருவர் வந்து அமர்வார்.

நான்காவது, நிலையான அரசுப் பணியிடங்கள் குறைந்து ஒப்பந்தப் பணியும் வெளிமுகமைப் பணியும் பெருகி வருகின்றன. தேர்வாணையத்தின் வழியே வராத பணியில் இட ஒதுக்கீட்டின் பாதுகாப்பும் நலிகிறது. நகராட்சி, மாநகராட்சிகளின் துப்புரவுப் பணியில் இதனைக் கண்கூடாகக் காண்கிறோம். இழிவெனக் கருதப்பட்ட வேலை நம்மிடமே இருக்க, அதிலிருந்த பணிப் பாதுகாப்பு மட்டும் அகன்று போவதைச் சீர்திருத்தம் என்று எவ்வாறு அழைப்பது? நிர்வாகச் சீர்திருத்தம் என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம், யாருக்காக, யார் செலவில் என்று கேட்கப் பழக வேண்டும்.

இளைஞர்க்கு ஒரு சொல்

இவ்வரலாறு நமக்குத் தரும் படிப்பினைகளைச் சுருக்கிக் கூறுவோம்.

ஒவ்வோர் உரிமையும் ஒரு தாளில் இருக்கிறது. அத்தாளைப் படிக்கத் தெரிந்தவனே அவ்வுரிமைக்கு உடையவன். பட்டா, சிட்டா, அடங்கல், "அ" பதிவேடு ஆகியவற்றைப் படித்தறியும் பயிற்சி, நம் சங்கத்தின் மாலை வகுப்புகளில் ஒரு பாடமாகவே அமையத் தகும். தமிழ்நாட்டில் 1997-இலும், நாடு முழுமைக்கும் 2005-இலும் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டங்களின் அருமையை நாம் பிறரினும் நன்கறிவோம். பெட்டியில் பூட்டி வைத்த கணக்கைக் கேட்டு வாங்கும் அதிகாரம் அது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் ஒரு விண்ணப்பம், நம் பாட்டனார் காலத்தில் எவராலும் கேட்க முடியாத கேள்வியைக் கேட்கிறது.

தேர்வுகளுக்கு முறையாக ஆயத்தமாகுங்கள். கிராம நிர்வாக அலுவலர் பணியிடம் இப்போது நான்காம் தொகுதித் தேர்வோடு இணைந்துள்ளது. 2018-இல் நடந்த தேர்விலிருந்து இம்முறை வழக்கில் இருக்கிறது. பல இலட்சம் பேர் எழுதும் தேர்வு அது. 18 விழுக்காட்டுக்குள் 2009-இலிருந்து அருந்ததியர்க்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடும் உண்டு. நம்முள் பின்தங்கியோர் முன்வருவது நம் அனைவர்க்கும் வலிமை என்று கருத வேண்டுமேயன்றி, ஒருவர் மற்றவர்க்குப் போட்டி என்று கருதலாகாது.

இறுதியாக, தேர்வில் வென்று பதவியில் அமர்வோர்க்கு ஒரு வேண்டுகோள். நாற்காலி கிடைத்தவுடன் பழைய கர்ணத்தின் குணமும் கூடவே வந்து ஒட்டிக் கொள்ளுதல் எளிது. உங்கள் முன் வந்து நிற்கும் மூதாட்டி எந்தத் தெருவிலிருந்து வந்தார் என்று கேளாமல், முதலில் அமரச் சொல்லுங்கள். அவர் கேட்கும் தாளைக் காலந்தாழ்த்தாமல் கொடுங்கள். கையூட்டு வாங்கும் கை நம் கையாயினும் அது பழைய சாவடியின் கையே. 3412 பேர் கையொப்பமிட்டதும், வட்டமேசை வரை சென்று வாதாடியதும், மேலே அமர்பவரின் சாதி மாறினால் போதும் என்பதற்காக அல்ல. அரசு அலுவலகம் எல்லோர்க்கும் பொதுவாக வேண்டும் என்பதற்காகவே. அந்தப் பணி இன்னும் முற்றுப்பெறவில்லை. அதனைத் தொடர்ந்து செய்து முடிக்க வேண்டியவர்கள் நம் இளைஞர்களே.